பேர் திருத்தம்

ஹட்டனில் ஏறும்போதே மழை.
மடியில் குளிர்ப்பெட்டி. பெட்டிக்குள்
இரண்டு குழாயில் புஸ்பலீலாவின் ரத்தம்.
சிவப்பு இல்லை; சுழற்றிப் பிரித்த மஞ்சள்,
தண்ணீர் கூடிப்போன தேத்தண்ணி நிறத்தில்
தெளிந்து நிற்கிறது.

பெட்டியைக் காலால் தள்ளப் பார்த்த கொண்டக்டர்
'மேக்கே மொனவத?' என்றான்.
'லே' என்றேன்.
காலை எடுத்துக்கொண்டான்.
அதற்குப் பிறகு என் பக்கத்தில்
யாரும் உட்காரவில்லை.

தேருக்கு முந்தின ஞாயிறு
தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ரத்ததான முகாம்.
கொடுத்தவர்களுக்கு ஒரு மைலோ, இரண்டு பிஸ்கட்.
ஒரு மாதம் கழித்து அவளுக்கு மட்டும் கடிதம்:
உங்கள் ரத்தம் எடுக்க முடியாது, கிளினிக்குக்கு வரவும்.
வாசித்துச் சொன்னது கிளாக்கர்.
பொழுது சாய்வதற்குள் நாலு லயத்துக்கும் தெரியும்.
பீலியடியில் அவள் குடத்துக்கும்
அடுத்த குடத்துக்கும் நடுவே
ஒரு குடம் வைக்கிற இடம் விழுந்தது.

பி அடங்கித்தான் கிடக்கிறது,
ஈரல் ஏன் இன்னும் புகைகிறது என்று
டொக்டருக்குச் சந்தேகம். டி-யைப் பார்க்கணும்.
பெட்டி தூக்குகிறவனும் தெரிந்துகொள்ளட்டும் என்று
எனக்கும் சொன்னார்:
டி தனியாக வராது.
அதற்குச் சொந்தமாய் ஒரு சட்டை கிடையாது.
பி-யின் சட்டையை மாட்டிக்கொண்டுதான்
கலம் விட்டுக் கலம் போகும்.
பி இல்லாத உடம்பில் குடியிருக்க அதற்குத் தெரியாது.

எங்கள் தலைக்கு மேலே இருப்பதும்
கம்பனித் தகரம்தான்.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கினிகத்தேனையில் மண் சரிந்து கிடந்தது.
பெக்கோ வருகிறது என்றார்கள், வருகிறது என்றார்கள்.
வெப்பமானியில் ஆறு.
ஏழு.
எட்டைத் தாண்டினால் கொழும்பில் எடுக்கமாட்டார்கள்.
இறங்கி ஓடினேன். ஒரே ஒரு கடை.
ஐஸ்கட்டி இல்லை, ஐஸ் பக்கட் இருந்தது.
இருபத்து மூன்று, எல்லாம் ஒரேஞ்.
'பொறந்தநாளா?' என்றாள் கடைக்காரி.
ஆமா என்றேன்.

அடுக்கும்போதுதான் பார்த்தேன்:
குழாயில் புஸ்பலீலா,
படிவத்தில் புஷ்பலதா.
பேர் மாறினால் ரத்தம் அநாதை.
முகாமுக்கு வந்த அன்று
அவளுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்;
இங்கே மிச்சப் பேரும் போகப் பார்த்தது.
சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று
வார்ட்டுக்கு ஏழு தடவை அடித்தேன்.
எட்டாவதில் டொக்டரே எடுத்தார்.
திருத்திக் கையெழுத்துப் போட்ட தாள்
போனில் படமாக வந்து இறங்குவதற்குள்
பெக்கோவும் வந்துவிட்டது.

கொழும்பில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்
பெட்டியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள்.
ஒரேஞ் வாசம்.
ஆனாலும் எடுத்துக்கொண்டாள்.
முதலில் பிறபொருளெதிரி பார்ப்போம்,
இருந்தால் கிருமியையே தேடுவோம் என்றாள்.

மூன்று வாரம்.
பிறபொருளெதிரி: உண்டு.
ஆர்.என்.ஏ: காணப்படவில்லை.

டி எப்போதோ வந்திருக்கிறது என்றார் டொக்டர்,
இப்போது ரத்தத்தில் ஆளைக் காணோம்,
ஆறு மாதத்தில் இன்னொரு தடவை பார்ப்போம்.
அப்படியென்றால் ஈரல் புகைவது எதனால் என்று
அவள் கேட்கவில்லை. அவரே கேட்டார்,
'மருந்து அடிக்கிற மலையிலயா வேலை?'
துண்டில் என்னவோ எழுதினார்.

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தாள்.
'வந்துட்டும் போயிருக்கு.
எனக்கு ஒரு வார்த்த சொல்லலயே.'
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.
'மிச்ச ரத்தத்த என்னா செய்வாங்க?'
'ஐஸ்ல வச்சிருப்பாங்க. வருசக்கணக்கா.'
'கொழும்புலயா?'
'கொழும்புலதான்.'
'நான் கினிகத்தேனையே தாண்டினதில்ல' என்றாள்.

லொறி கீழே ஹோர்ன் அடித்தது.
ஓடிப்போய் ஏறப்போனவள்
பாதியில் நின்று திரும்பினாள்:

'பேரச் சரியா எழுதியிருக்குதானே, அங்க?'